புது நம்பர்

"அண்ணா, என் நம்பருக்கு ஒரு ரிங் விடுங்களேன், போனை எங்க வெச்சேன்னே தெரியல" என்று மணவாளன் கத்தரியை நிறுத்தாமலே கேட்டான். தணிகாசலம் அப்போது சலூன் பெஞ்சில் உட்கார்ந்து, எதிரும் புதிருமாக மாட்டியிருந்த இரண்டு கண்ணாடிகளுக்குள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்த தன் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உச்சியில் முடி கொட்டியிருந்தது. இதுவரை யாரும் அவனிடம் அதைச் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, நாற்காலியில் வெள்ளைத் துணி போர்த்திய ஒரு ரயில்வேக்காரர், அவருக்கு அடுத்தது தணிகாசலம். மணவாளன் நம்பரைச் சொல்லச் சொல்ல இவன் அமுக்கினான். தொடைக்குப் பக்கத்திலேயே, மடித்துப் போட்டிருந்த பேப்பருக்கு அடியில் மணியடித்தது. "இங்கதான்யா இருக்கு" என்று சிரித்துக்கொண்டே பேப்பரைத் தூக்கினான். திரை முழுக்க நீலம். நடுவில் இங்கிலீஷ் எழுத்தில் ஒரு பெயர். தணிகாசலம் பாசிட்டிவ் அரக்கோணம். அந்த நேரம் பார்த்து மணவாளனுக்கு வேறு யாரோ கூப்பிடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தான், அடப்பாவமே, யாரோ நம்ம பேருள்ளவன், என்றுகூட நினைத்தான், அந்த நினைப்பு முடிவதற்குள் அவன் கட்டைவிரல் தானாகப் போய்த் தன் போனில் சிவப்பை அமுக்கிவிட்டது, மணி நின்றது, ஆனால் நீலம் போகவில்லை. சின்ன அட்டையாகச் சுருங்கித் திரையின் நடுவில் அப்படியே நின்றது, பெயரோடு. எத்தனையோ வருஷமாக வருகிற கடை இது. ஆனால் மணவாளனிடம் நம்பர் கொடுக்க ஒரு நாளும் அவசியம் வந்ததில்லை. இந்தப் போனுக்கு இவனைத் தெரியாது. தெரியாத போன் எப்படிப் பேர் சொல்லும்? அதுவும் அந்தப் பேரை? மணவாளனின் கை நீண்டு காத்திருந்தது, விரல் இடுக்குகளில் ரயில்வேக்காரரின் நரைமுடி. போனைக் குப்புறத் திருப்பிக் கொடுத்தான். மணவாளன் நிமிர்த்தினான், பார்த்தான், சட்டைப் பையில் போட்டுக்கொண்டான், மறுபடி கத்தரி.

பார்த்தானா. பார்த்தான், பார்க்காமல் எப்படி, நிமிர்த்தியபோது கண் அதன்மேல் போனதே. ஆனால் கண் போவது வேறு, படிப்பது வேறு. மணவாளனுக்கு இங்கிலீஷ் படிக்க வருமா? சுவரில் தொங்கும் விலைப்பட்டியலில் ஃபேஷியல் என்பதை இங்கிலீஷில் எழுதியிருப்பது அவன்தானா, பெயிண்டரா? 'தணிகாசலம்' என்பதையாவது படித்திருப்பான். அதற்குப் பக்கத்தில் இருப்பதையும் படித்திருப்பான். கத்தரியின் சத்தம் முன்பு மாதிரியே இருக்கிறதா, கொஞ்சம் நிதானமாகி இருக்கிறதா? ஸ்பிரே பாட்டிலின் தண்ணீர் வாசனையும் பவுடர் வாசனையும் சேர்ந்து வந்தது. யார் அப்படி எழுதி வைத்திருக்க முடியும் என்று யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை, ஆனாலும் யோசித்தான், பதில் அதுவாக இருந்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தான். வேதவல்லி தன் போனில் 'அவரு' என்று வைத்திருக்கிறாள். தம்பிக்கு விஷயமே தெரியாது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டருக்குத் தெரியும், ஆலோசனை சொல்லும் கவுன்சிலரம்மாவுக்குத் தெரியும், அவர்கள் செல்போனில் கூப்பிடுவதே இல்லை. மிச்சம் ஸ்டெல்லா அக்கா. மாத்திரை வாங்க மறந்தவர்களைத் தேடித் தேடிப் போன் செய்கிற ஸ்டெல்லா அக்கா, ஹெச்.ஐ.வி. இருப்பவர்களுக்கான அந்த அமைப்பில் வேலை பார்க்கிறவள், அதே மாத்திரையைத் தானும் சாப்பிடுகிறவள். அவள் சொல்லியிருப்பாள் என்று நினைப்பதே பாவம். தெருவில் எதிரே வந்தால்கூடத் தெரியாத மாதிரி போய்விடுவாள், அப்படி ஒரு கட்டுப்பாடு. ஆனால் புதுப் போன் வாங்கிய சந்தோஷத்தில் அவள் சொன்னது ஞாபகம் வந்தது. "கண்ட கண்ட நம்பர்லேருந்து கூப்பிடறான் தணிகா, யாருன்னு பேரைக் காட்டற ஆப் ஒண்ணைக் கடைக்காரனே போட்டுக் குடுத்தான். என்னென்னமோ கேட்டுச்சு, எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னு அமுக்கிட்டேன்." அவள் சிரித்தாள், இவனும் சிரித்தான். ரத்தம் எடுப்பதற்கு முன்னால் அந்தக் கவுன்சிலரம்மா எவ்வளவு நேரம் பேசினாள். கதவைச் சாத்திவிட்டு, மின்விசிறியின் சத்தத்துக்குக் கீழே குரலை இறக்கி, எதற்கு இந்தப் பரிசோதனை, வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லலாம், யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது, புரிந்ததா, புரிந்ததை உங்கள் வாயால் ஒருமுறை சொல்லுங்கள் என்றெல்லாம் கேட்டாள். ஒரு சொட்டு ரத்தத்துக்கு அத்தனை கேள்வி. "உங்க வீட்டம்மாகிட்டகூட நாங்களா சொல்ல மாட்டோம்" என்றாள். ஸ்டெல்லா அக்காவின் போன், யாரைக் கேட்டது? அவளைக் கேட்டது. அவளுடையதையா கேட்டது? அவள் எழுதி வைத்திருந்த எல்லார் பேரையும் வாரிக்கொண்டு போய், அதே ஆப் இருக்கிற மணவாளன் போனில் காட்டியிருக்கிறது.

நம்பர் புதுசு. அங்கேதான் மனசு போய்ப் போய்த் தட்டுப்பட்டது. பழைய போன் திருத்தணி ரயிலில் கூட்டத்தில் போனதும், புது நம்பர் வாங்கி முதன்முதலில் கூப்பிட்டது வீட்டுக்கு, இரண்டாவது ஸ்டெல்லா அக்காவுக்கு, மாத்திரை தேதி தவறிவிடக் கூடாதே என்று. பழைய நம்பர் என்றால் ஊரில் பாதிப் பேர் போனில் 'ஆர்.ஓ. தணிகா' என்றுதான் இருந்தது, தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மெஷினுக்கு அவன்தான் என்று பேர் எடுத்த நம்பர். புது நம்பரை யாரும் எந்தப் பேரிலும் வைத்திருக்கவில்லை, வைத்தவள் ஒருத்திதான், அவள் வைத்த பேர்தான் பேர். இதுவரை புரிந்தது. இதற்கு மேல் போக வேண்டாம் என்று பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான், ஆனால் போனது. புது நம்பர் வந்த வாரத்தில் ஒரு மத்தியானம் முழுக்க, வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, பில் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கஸ்டமராகக் கூப்பிட்டானே. அம்மா, ஆர்.ஓ. சர்வீஸ் தணிகாசலம் பேசறேம்மா, இது என் புது நம்பர், சேவ் பண்ணிக்குங்க. அவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அது சொல்லியிருக்கிறது. மணியடிக்கும்போதே சொல்லியிருக்கிறது. அவன் ஒவ்வொரு வீட்டுக்காகக் கூப்பிட்டுத் தன் கையால் தம்பட்டம் அடித்திருக்கிறான், சேவ் பண்ணிக்குங்க, சேவ் பண்ணிக்குங்க. ஜவஹர் நகர் பேங்க் மேனேஜர் வீட்டில் "நாங்க மெஷினையே மாத்திட்டோம்ப்பா" என்றார்களே, மாற்றியிருக்கவில்லை, போன வாரம் பால்கனியில் அதே பழைய வெள்ளைப் பெட்டி தெரிந்தது. டாக்டர் வீட்டு மாமி வேலைக்காரியை விட்டு வாசலிலேயே பேசி அனுப்பினாள். எல்லாவற்றுக்கும் அவன் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தான், காஞ்சிபுரம் ரோட்டில் புதிதாகத் திறந்த கடைக்காரன் ஆள் பிடிக்கிறான் என்று, அந்தக் கடைக்காரனை மனசுக்குள் எவ்வளவு திட்டியிருக்கிறான். அவன் வேலை சமையலறையில். அவன் கை படுவது குடிக்கிற தண்ணீரில். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டதில் ரத்தத்தில் கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது, யாருக்கும் பரவாது, வேதவல்லிக்கே இல்லை, தண்ணீரில் பரவுகிற சமாச்சாரமே அல்ல அது, இதையெல்லாம் அந்த நீலத்திரையில் எழுத இடம் இருக்கவில்லை. ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் இடம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கும் கூப்பிட்டிருக்கிறான். மகள் மதிவதனிக்குக் காய்ச்சல் என்று அவள் கிளாஸ் டீச்சருக்கு, இந்த நம்பரிலிருந்துதான். அதற்கப்புறம் மதிவதனி ஏதாவது சொன்னாளா? என்னை முதல் பெஞ்சில் மாத்திட்டாங்கப்பா என்றாள், அது நல்லதற்கா, கெட்டதற்கா, பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லையே, பக்கத்தில் யாராவது உட்காருகிறார்களா?

"வாங்கண்ணா." நாற்காலி காலியாகி இருந்தது. ரயில்வேக்காரர் எப்போது போனார் என்று தெரியவில்லை. மணவாளன் துணியை உதறினான், போர்த்தினான், கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டான். எப்போதும் போடுகிற முடிச்சுதான். விரல் கழுத்தில் பட்டதா? பட்டது மாதிரி இருந்தது. "எப்பவும் போலத்தானே?" "எப்பவும் போல." கண்ணாடியில் மணவாளனின் முகத்தைத் தேடினால் அது குனிந்தே இருந்தது, வேலை பார்க்கிறவன் முகம் குனிந்துதான் இருக்கும், அதில் என்ன இருக்கிறது. ஆனால் மணவாளன் வாயாடி. சினிமா, தண்ணி லாரி, மாமனார் வீட்டுச் சண்டை என்று கத்தரியைவிட நாக்கு வேகமாகப் போகும், இன்றைக்கு வந்தவுடனே ரயில்வேக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அது போன் அடிப்பதற்கு முன்னாலா, பின்னாலா? காதருகே கத்தரி குளிர்ந்தது. தணிகாசலம் மூச்சை மெல்ல விட்டான், முடி விழுவது கேட்டது, சீப்பு ஓடுவது கேட்டது. ஆறேழு வருஷமாகத் தணிகாசலம் இந்தக் கடையில் முகச்சவரம் செய்துகொள்வதில்லை. தோல் ஒத்துக்கல மணவாளா, பரு மாதிரி வந்துடுது, வீட்லயே பண்ணிக்கறேன் என்று ஒரு பொய். முடி வெட்டி முடித்ததும் கிருதாவையும் பின்கழுத்தையும் பிளேடால் எடுத்துவிடுவது மணவாளனின் பழக்கம், அதையும் வேண்டாம் என்று ஒவ்வொரு தடவையும் இவன் சொல்வான், ஒவ்வொரு தடவையும் மணவாளன் மறந்து பிளேடை எடுப்பான், இவன் கையைத் தூக்குவான், ஆமாமா, உங்களுக்கு மெஷின்தான், மறந்துட்டேன் என்பான். மற்றவர்களுக்காக அவன் எடுத்துக்கொண்ட ஜாக்கிரதை அது. தேவை இல்லை, புது பிளேடு போட்டால் போதும் என்று டாக்டரே சொன்ன பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஜாக்கிரதை. இப்போது நினைத்தால் அத்தனையும் சாட்சியாக மாறி எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டது. மணவாளன் இந்த நிமிஷம் அதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்துக்கொண்டிருப்பான், பரு, தோல், மெஷின், ஓஹோ, அதுக்குத்தானா. எங்கிருந்து வந்தது என்று வேதவல்லி ஒரே ஒருமுறைதான் கேட்டாள். அவன் சொன்னான். அவள் எழுந்து போய் மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்து வந்து மடிக்கத் தொடங்கினாள், அவன் சட்டையையும் சேர்த்துத்தான் மடித்தாள், கடைசிச் சட்டையை மடித்துவிட்டு, "இது இந்த வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்" என்றாள். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. அந்தச் சுவர் எவ்வளவு கெட்டி என்று நம்பி அவன் அதற்குள் இத்தனை நாள் தூங்கியிருக்கிறான். மணவாளன் பின்னால் வந்து நின்றான். அலமாரியில் பிளேடுப் பெட்டி இருந்தது, பக்கத்திலேயே மெஷினும் இருந்தது. மெஷின் போதும் என்று சொல்லத் தணிகாசலம் வாயெடுத்தான். சொல்ல வேண்டியிருக்கவில்லை. மெஷின் கழுத்தில் உறுமியது. மணவாளன் இந்தத் தடவை மறக்கவில்லை.

வாசலில் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது மணவாளன் பின்னாலேயே வந்தான். கையில் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தான். "அண்ணா, அடுத்த வாட்டி நானே வீட்டுக்கு வந்து வெட்டிடறேன். உங்களுக்கு எதுக்கு அலைச்சல்." தணிகாசலம் அவனைப் பார்த்தான். அவன் தெருவைப் பார்த்தான். "இந்தச் சந்துல இருக்கிற கடைக்கு என்ன அலைச்சல் மணவாளா?" "இல்லண்ணா, நாலு பேர் வந்து போற இடம். அதுக்குச் சொல்றேன். நான் வாயைத் திறக்க மாட்டேன்ணா, எம் புள்ள மேல சத்தியம்." குரலில் பொய் இல்லை. அது நல்லவன் குரல்தான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். கடைக்குள் வராதே என்று சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம். வீட்டுக்கு வந்து வெட்டுகிறேன் என்கிறவனை என்ன செய்வது? "சரி" என்றான். அந்தச் சரி வாயிலிருந்து வெளியே போனதும், தன் வாழ்க்கையில் இனி இப்படி நிறைய சரிகள் சொல்ல வேண்டிவரும் என்று அவனுக்குத் தோன்றியது.

ரயில்வே பாலத்துக்கு அடியில் நிழலில் வண்டியை நிறுத்தி ஸ்டெல்லா அக்காவைக் கூப்பிட்டான். கோபமாகத் தொடங்க வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் சேர்த்துக்கொண்டு வந்திருந்தான். "சொல்லு தணிகா, மாத்திரை இருக்குல்ல?" என்ற குரலைக் கேட்டதும் அந்த வாக்கியம் உடைந்துபோனது. "அக்கா, உங்க போன்ல என் பேரை எப்படிப் போட்டு வெச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டான். "ஏன்ப்பா, தணிகாசலம்னுதான். மூணு தணிகாசலம் இருக்காங்க, அதனால உனக்கு அரக்கோணம்னு சேத்துப் போட்டிருக்கேன்." "வேற ஒண்ணும் போடலியா?" என்று இவன் விடவில்லை. "மாத்திரை யாருக்குன்னு தெரியணும்ல. வீட்ல ஒருத்தருக்கு இருக்கும், ஒருத்தருக்கு இருக்காது, மாத்திக் கூப்பிட்டுட்டா வம்பு. அதனால பக்கத்துல... ஏன், என் போனை யார் பாக்கப் போறா? நான் லாக் போட்டு வெச்சிருக்கேன்." இவன் சலூனில் நடந்ததைச் சொன்னான். மணவாளன் சொன்னதையும் சொன்னான். பாலத்தின் மேலே ஒரு கூட்ஸ் வண்டி முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அது போய் முடிந்ததும், "வேதவல்லி?" என்றான். "நெகட்டிவ்னு போட்டிருக்கேன்" என்றாள் ஸ்டெல்லா அக்கா, சின்னக் குரலில். வேதவல்லி நெகட்டிவ். அவள் அண்ணன் வீட்டுக்குக் கூப்பிட்டால் அங்கே அப்படி வருமோ. இல்லை என்று எழுதினாலும் இருக்கிறது என்றுதானே அர்த்தம், யாருக்கோ இருக்கிறது என்றுதானே. "அக்கா, இப்பவே அதை எடுத்துடுங்க." "எடுத்துடறேன். போன்லேருந்து எடுத்துடறேன். ஆனா அது போன இடத்துலேருந்து எப்படிப்பா எடுக்கறது? யாரைப் போய்க் கேக்கறது?" அப்புறம் அவள் அழத் தொடங்கினாள். அழுகைக்கு நடுவே அவள் சொன்னதுதான் சாவியைத் திருகப் போன அவன் கையை அப்படியே நிறுத்தியது. "தணிகா, என் போன்ல எல்லாரும் அப்படித்தான் இருக்காங்க. நம்ம ஆளுங்க எல்லாரும். கல்யாணம் நிச்சயம் ஆன பொண்ணு இருக்கு. ஸ்கூல் வாத்தியார் இருக்கார். எல்லாரையும் நான்தான்யா..." அவன் அவளைத் தேற்றினான். அதுதான் விசித்திரம், அவளைத் திட்டப் போனவன் பாலத்துக்கடியில் நின்று, அழாதீங்கக்கா, உங்களுக்குத் தெரிஞ்சா பண்ணீங்க, என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லச் சொல்ல அது உண்மை என்பதும், உண்மையாக இருப்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதும் சேர்ந்தே தெரிந்தது.

வின்டர்பேட்டையில் கோதை டீச்சர் வீட்டில் ஃபில்டர் மாற்ற வேண்டிய நாள். கிளம்பும்போது, வந்துட்டே இருக்கேன் டீச்சர், என்று ஒரு போன் போடுவது அவன் வழக்கம். போனை எடுத்தான், பெயரைத் தொடப் போனான், விரல் நின்றுவிட்டது, பையில் போட்டுக்கொண்டு நேரே போனான். தனக்கு முன்னால் தன் பேர் ஓடிப் போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவதை இனிமேல் அனுமதிப்பதில்லை என்று வழியில் முடிவு செய்தான், அப்படியானால் இந்தத் தொழிலை எப்படிச் செய்வது என்பதற்கு முடிவு எதுவும் வரவில்லை. கேட்டில் தாழ்ப்பாளைத் தட்டி, "டீச்சர்" என்றான். ஜன்னல் திரை அசைந்தது. "யாரது? யாருன்னு கேக்கறேன்ல?" அவள் அப்படிக் கத்திப் பேசி அவன் கேட்டதில்லை. "ஆர்.ஓ. தணிகாசலம் டீச்சர்." இரண்டு பூட்டுத் திறந்தது, இரண்டாவது புதுசு. "ஒரு போன் பண்ணிட்டு வரக் கூடாதாப்பா? ஈரக்குலையே நடுங்கிப்போச்சு" என்று சொல்லி வழிவிட்டாள், வழிவிட்டபோது அவள் முகத்தை அவன் கூர்ந்து பார்த்தான், ஒன்றும் இல்லை, பயம்தான் இருந்தது, ஆனால் அது அவனைப் பற்றிய பயம் அல்ல. ரிட்டயர் ஆனவள், புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று, மகன் வெளிநாட்டில். சமையலறையில் மெஷினைக் கழற்றி, அழுக்கு ஃபில்டரை எடுத்துக் கீழே வைத்தான், மண் நிறத்தில் வழவழவென்று இருந்தது. நம்ம கை, தண்ணி, என்று ஒரு நினைப்பு வந்தது, அதை உதறினான். டீச்சர் வாசற்படியில் சாய்ந்து நின்று பேசிக்கொண்டே இருந்தாள், யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தவள் மாதிரி. "யாரு யாரோ போன் பண்றான்ப்பா. எடுத்தா, டீச்சர், தனியாத்தான் இருக்கீங்களான்னு கேக்கறான். நான் டீச்சர்னு, தனின்னு அவனுக்கு எப்படித் தெரியும்? ஒருத்தன் இல்ல, வேற வேற குரல். போலீஸ்ல சொன்னா, எடுக்காதீங்கம்மாங்கறாங்க. பையன் இங்கேருந்து காலி பண்ணிட்டு வாங்கறான்."

கையில் இருந்த ஸ்பேனர் நட்டின் மேல் நின்றது. தனி. அவனிடம் இரண்டு கோதை இருந்தார்கள், ஒரு கோதை அடுக்குமாடியில், இன்னொரு கோதை தனி வீட்டில். கோதை ஃபிளாட், கோதை டீச்சர் தனி. அவன் கட்டைவிரலால் எழுதியது. அவன் போனிலும் ஓர் ஆப் இருந்தது, ஸ்டெல்லா அக்காவினுடையது இல்லை, வேறு பேரில் வேறு ஒன்று, ஆனால் அதே வேலை பார்ப்பது. பழைய போன் தொலைந்து நம்பர்களெல்லாம் போனபோது, கூப்பிடுகிறவர் யாரென்று அதுதான் சொன்னது, எவ்வளவு சௌகரியம் என்று வேதவல்லியிடம் பெருமை வேறு அடித்தான். போட்ட அன்று அதுவும் வரிசையாக என்னமோ கேட்டது. படித்தானா? வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை, அனுமதி, அனுமதி, அனுமதி என்று இருந்த இடத்திலெல்லாம் அமுக்கினான். தனி வீடு என்றுதான் எழுதினேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது. நட்டை இறுக்கினான். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? இவள் இரண்டு பூட்டு போட்டிருக்கிறாள், மூன்றாவது போடுவாள், இல்லை மகன் வந்து கூட்டிக்கொண்டு போவான். சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியும், டீச்சர்கள் அடுத்த கேள்வி கேட்பவர்கள். தண்ணீர் வர வேண்டிய குழாயைத் திறந்தான், மெஷின் மெல்ல முனகத் தொடங்கியது. மணவாளன் நல்லவன், ஸ்டெல்லா அக்கா நல்லவள், நானும் நல்லவன்தான் என்று நினைத்தபோது வாய்க்குள் கசந்தது. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான், அவள் பெயரைத் திறந்து அவளிடம் நீட்டினான். "என்னால வந்ததுன்னு நெனைக்கறேன் டீச்சர். தனி வீடுன்னு எழுதினேன். இது எல்லார் போன்லயும் போய்த் தெரியும்னு எனக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரியும்." அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். இருந்தது மூன்றே வார்த்தை. கோபம் வரும் என்று காத்திருந்தான். "காலையில எப்படித் தெரிஞ்சுது?" என்றாள். "என் பேரை இன்னொருத்தர் போன்ல பாத்தேன்." "என்னன்னு இருந்துது?" மெஷினுக்குள் முதல் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழத் தொடங்கியிருந்தது. "தணிகாசலம் பாசிட்டிவ்னு." அவள் நெற்றியைச் சுருக்கினாள், அப்புறம் முகம் தெளிந்தது, அவனுக்காகவே தெளிந்த மாதிரி. "கொரோனா சமயத்துல யாராவது எழுதி வெச்சிருப்பாங்கப்பா. அப்போ எல்லாரும் அப்படித்தானே சொல்லிட்டிருந்தோம்." கதவு திறந்துதான் இருந்தது. ஆமா டீச்சர் என்று சொன்னால் போதும், இந்த வீட்டில் மட்டுமல்ல, எல்லா வீட்டிலும் இதையே சொல்லலாம், இத்தனை சுலபமான ஒரு வழி இருப்பது காலையிலிருந்து தனக்குத் தோன்றவே இல்லையே என்று ஆச்சரியப்பட்டான். அவள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவன் தலையாட்டுவதற்காகக் காத்திருந்தாள்.

"இல்ல டீச்சர்" என்றான்.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். போனை நடுவிலிருந்த சமையல் மேடைமேல் வைத்தாளே தவிர அவன் கையில் கொடுக்கவில்லை, இன்னொரு கையில் கண்ணாடி இருந்ததால்கூட இருக்கலாம். தணிகாசலம் சாமான்களைப் பையில் போட்டான், பழைய ஃபில்டரைப் பேப்பரில் சுற்றினான், தரையில் சிந்திய தண்ணீரைத் துடைத்தான், வழக்கத்தைவிட நன்றாகத் துடைத்தான். "இந்தத் தண்ணி குடிக்கலாமாப்பா?" என்று கேட்டாள் கோதை டீச்சர். ஃபில்டர் மாற்றினால் எல்லோரும் கேட்கிற கேள்விதான். அதைத்தான் கேட்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. "முதல் டேங்க்கைக் கீழ விட்டுடுங்க டீச்சர். அடுத்ததுலேருந்து குடிக்கலாம்" என்றான். அவள் சரி என்றாள். அவன் வெளியே வந்ததும் பின்னால் ஒரு பூட்டு, அப்புறம் இன்னொரு பூட்டு. வண்டியை எடுக்கும்போது சமையலறை ஜன்னலிலிருந்து எதையோ அழுத்தித் தேய்த்துக் கழுவுகிற சத்தம் வந்தது. காலையில் போட்ட பாத்திரமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போன் பண்ணாமலே கிளம்பினான்.